கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த மாண்டிசோரி பள்ளி

பெங்களூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் மாண்டிசோரி என்று எழுதிய பலகை ஒன்று கண்ணில் படும். வண்ணம் பூசிய கேட், வாசலில் ஆட்டோ வரிசை, ஷூவும் டையும் மாட்டிய 3 வயதுக் குழந்தைகள். கட்டணம் என்ன என்று விசாரித்தால் மாதச் சம்பளக்காரர்களுக்குத் தலை சுற்றும். இது வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளுக்கான படிப்பு என்று எண்ணி நம்மவர்கள் பலர் ஒதுங்கிப் போகிறார்கள்.

மாண்டிசோரி என்பது இத்தாலி நாட்டுப் பெண்மணி ஒருவரின் பெயர். அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போய்விட, கேட்பார் இல்லாமல் திரிந்த பிள்ளைகள். சுவரில் கிறுக்கி, மாடிப்படியைச் சேதப்படுத்தி, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள்!

அந்த அம்மையார் நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருடைய வரலாற்றைப் படித்தால், சின்னப் பிள்ளைக்கு விளையாட்டு எவ்வளவு பெரிய படிப்பு என்பது தெரியும்.

பிண அறையில் தனியாக

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் ரெனில்டே நிறையப் படிக்கும் பழக்கம் உள்ளவர். மரியா அவர்களுக்கு ஒரே மகள். தந்தைக்கு உத்தியோக மாற்றல் வந்ததால் குடும்பம் ஊர் மாறி, 1875-ம் ஆண்டில் ரோம் நகரில் குடியேறியது.

படித்த பெண் என்றால் டீச்சர் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருந்த காலம் அது. தந்தையும் அதையே விரும்பினார். மகளோ ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கும் விஞ்ஞானமும் படித்தார். பிறகு டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாய்தான் மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் வேறொரு தொல்லை. ஆண் மாணவர்களோடு ஒரு பெண்ணும் நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறை அல்ல என்று கருதினார்கள். அதனால் மற்ற மாணவர்கள் எல்லாரும் போன பிறகு, பிண அறையில் தன்னந்தனியாக நின்று மரியா பாடம் படிக்க வேண்டி இருந்தது. அவர் அஞ்சவில்லை. 1896-ம் ஆண்டில் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு சொன்ன பாடம்

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்தக் காலத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே போய்க் குழந்தைகளைப் பார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று.

ஒரு அறையில் இருந்த குழந்தைகள், சாப்பாடு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதில் முனைந்தன. அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண் அதைப் பெருந்தீனி என்று வெறுத்தார். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர், வெறும் தரை. கையால் தொட, பிடிக்க, உருட்ட ஒரு சாமான்கூட இல்லை. அந்தக் குழந்தைகளின் கை, ஏதாவது ஒரு பொருளுக்காக ஏங்கியது. ரொட்டித் துணுக்குதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுச் சாமான்.

இப்படி அவர் அறிந்துகொண்டது, வாழ்நாள் முழுவதும் அவரை நடத்தியது. சிறு பிள்ளையின் மூளை, கையின் வழியாகத்தான் வளர்கிறது. கைக்கு வேலை இல்லாவிட்டால் அறிவுக்கும் தீனி இல்லை.

இத்தகைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த இடார், செகேன் என்ற இரு பிரெஞ்சு டாக்டர்களின் நூல்களை அவர் ஊன்றிப் படித்தார். 1900-ம் ஆண்டில் ரோம் நகரில் அத்தகைய குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு அவரும் ஒரு தலைவர் ஆனார். கையால் தொட்டு அறியும் சாமான்களைச் செய்து கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாது என்று கைவிட்ட பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அம்மையாருக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு முன்னேற முடியும் என்றால், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்த அளவிலேயே நின்றுபோவது ஏன்?

பிரிந்திருந்த மகன்

அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு துயரம் உண்டு. உடன் வேலை பார்த்த டாக்டர் மாண்டிசானோவுக்கும் அவருக்கும் 1898-ம் ஆண்டில் மரியோ என்ற மகன் பிறந்தான். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவர் பேரும் வேலையும் போய்விடும். குழந்தையை ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்க்க விட்டார்கள். மகன் பதினைந்து வயதுப் பையனாகித் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பிறகும் உறவுக்காரப் பிள்ளை என்றே ஊருக்குச் சொல்ல வேண்டி இருந்தது.

ஊரார் பிள்ளைகளுக்காக உலகம் சுற்றிய தாய், தன் பிள்ளையின் மழலையைக் கேட்க முடியாமல் போனார்.

வெள்ளையடிக்கும் காசில் பள்ளிக்கூடம்

ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதி, ஏழைகள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். பிழைப்புத் தேடி வந்தவர்களும் கூலிகளும் அங்கே குடி இருந்தார்கள். ஒரு கட்டடக் கம்பெனி அங்கிருந்த வீடுகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புதுச் சுவரும் படிக்கட்டும் பாழாயின.

அடிக்கடி வெள்ளை அடிப்பதைவிட, அந்தச் செலவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் வைத்துவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அம்மையாரிடம் வந்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார். 1907-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி, மார்சி தெருவில் 58-ம் எண் கட்டடத்தில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுமார் 50 பிள்ளைகள். அழுத முகமும் அழுக்குச் சட்டையுமாக வந்தார்கள்.

பெற்றோருக்குச் செலவு கிடையாது. ஆனால் கண்டிப்பு உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டித் துவைத்த துணி உடுத்தி அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையாவது தாய் வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அதே கட்டடத்தில் குடி இருந்தார்.

அந்தக் காலப் பள்ளிகளில் அசைக்க முடியாத கனத்த பெஞ்சுகள் இருக்கும். அம்மையார் அவற்றை விலக்கினார். நாலு வயதுப் பிள்ளை தானே தூக்கி வைக்கும் அளவுக்குச் சிறிய மேஜை, சிறிய நாற்காலி செய்யச் சொன்னார். சாமான்களைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரியில் அடுக்கினார். வேண்டியதை எடுக்கலாம். விருப்பம் தீரும் வரை வைத்திருக்கலாம். முடிந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

40 முறைக்கு மேல்

ஒரு நாள் சுமார் 3 வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டை ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டையில் பல அளவுகளில் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் உருளைகளை எடுத்து, கலைத்து, மறுபடி அதது இடத்தில் வைக்க வேண்டும். சிறுமி வைத்து முடித்தாள். உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். சாமானை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கேயும் தொடர்ந்தாள். 40 முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். களைப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல முகம் மலர்ந்திருந்தது.

பெரியவர்கள் ஒரு வேலையை முடிப்பதற்காகச் செய்கிறோம். பிள்ளை தன்னை வளர்த்துக்கொள்வதற்காகச் செய்கிறது. நமக்கு அது விளையாட்டாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அதுவே உழைப்பு. அதனால்தான் அம்மையார் விளையாட்டு என்ற சொல்லைவிட வேலை என்ற சொல்லையே அதிகம் பயன்படுத்தினார். நடுவில் புகுந்து பிடுங்குவதும், சீக்கிரம் முடி என்று விரட்டுவதும், கெட்டிக்காரி என்று கை தட்டுவதும்கூடப் பிள்ளையின் கவனத்தைக் கெடுத்துவிடும் என்று அவர் கண்டார்.

வசதி படைத்தவர்கள் விலை உயர்ந்த பொம்மைகளை இல்லத்துக்குத் தந்தார்கள். பிள்ளைகள் அவற்றை அதிகம் தீண்டவில்லை. தரையைத் துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, சாப்பாடு பரிமாறுவது இவற்றுக்குத்தான் போட்டி. ஒரு நாள் மூக்கைச் சத்தம் இல்லாமல் சுத்தமாகச் சிந்துவது எப்படி என்று அம்மையார் செய்து காட்டினார். பிள்ளைகள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். மரியாதையாகச் சொல்லித்தந்தவர் அதுவரை யாரும் இல்லை.

அதனால் அவருடைய பள்ளியில் ஆசிரியைக்குப் புது வேலை வந்தது. இடத்தை ஒழுங்கு செய்து வைக்க வேண்டும். ஒரு சாமானை எப்படிக் கையாள்வது என்று, அதிகம் பேசாமல், மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். தவறினால் கட்டையே காட்டிக்கொடுக்கும். கடைசி உருளை துளையில் பொருந்தாது. பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். திட்டுக்கும் அடிக்கும் அங்கே வேலை இல்லை.

உப்புத்தாள் எழுத்து

எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி அம்மையார் கொடுத்தார். பிள்ளைகள் அதன்மேல் விரலை ஓட்டி, அந்த எழுத்தின் ஒலியைச் சொன்னார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்ததை நம் தாத்தாக்கள் அறிவார்கள். கண்ணுக்கு முன்னால் விரல் எழுத்தைப் படித்துவிடும்.

சில மாதங்களில் அதிசயம் நடந்தது. சாக்குக்கட்டியால் படம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று சொற்களை எழுதத் தொடங்கினான். எழுதத் தெரிந்துவிட்டது என்று கூவினான். மற்றப் பிள்ளைகளும் தரை, கதவு என்று கண்ட இடமெல்லாம் எழுதினார்கள். பலருக்கு வயது 4 அல்லது 5 தான்!

செய்தி பரவியது. 1909-ம் ஆண்டில் அம்மையார் தம் முறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது பல மொழிகளில் வந்தது. பல நாடுகளில் மாண்டிசோரி பள்ளிகள் தோன்றின. கற்பனை விளையாட்டுக்கு இவர் போதிய இடம் தரவில்லை என்று குறை கூறிய கல்வியாளர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. சொப்பு வைத்துச் சமைக்கும் பிள்ளையும், குச்சியை ரெயில் என்று ஓட்டும் பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி முதலில் அவரை ஆதரித்தார். பிறகு பள்ளிகளைத் தம் கட்சிக்குப் பயன்படுத்தப் பார்த்தார். அம்மையார் உடன்படவில்லை. 1934-ம் ஆண்டில் அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார். 1936-ம் ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதால் ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாறு ஓலைக் கொட்டகையில்

இந்தியாவில் அவர் பெயர் முன்பே தெரியும். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ம் ஆண்டில் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கி இந்த முறையைப் பரப்பினார். 1931-ம் ஆண்டில் லண்டனில் காந்தியடிகள் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசினார். ஏழைக் குழந்தைகளுக்கும் இந்தக் கல்வி கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும், அவர் மனைவி ருக்மணி தேவியும் அம்மையாரை அழைத்தார்கள். 1939-ம் ஆண்டு நவம்பர் மாதம், 69-வது வயதில், மகன் மரியோவுடன் அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகை போட்டுப் பயிற்சி வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளில் இருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

சில மாதம் தங்கிப் போவதாகத்தான் திட்டம். 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இவர்கள் எதிரி நாட்டினர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். அரசாங்கத்திடம் இருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. உறவுக்காரப் பிள்ளை என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டவனை, அந்தத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது.

பிறகு தாயும் மகனும் கொடைக்கானல் போனார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் ஒன்றாகப் படித்த பள்ளியை நடத்தினார்கள். மலையும் செடியும் பூச்சியுமே பாடப் புத்தகம். போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் சென்னை, ஆமதாபாத், கராச்சி, இலங்கை எனப் பல இடங்களில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆயிரம் பேருக்கு மேல் பயிற்சி பெற்றார்கள்.

இடுப்புக் குழந்தையின் பள்ளிக்கூடம்

நம் நாட்டில் அவர் கவனித்த ஒன்று உண்டு. தாய் எங்கே போனாலும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறாள். சந்தையில் பேரம் பேசுவதையும், கிணற்றடிப் பேச்சையும், மாட்டையும் வண்டியையும் குழந்தை கேட்டும் பார்த்தும் வளர்கிறது. பேச்சை யாரும் பாடமாகச் சொல்லித்தருவது இல்லை. பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் குழந்தை இழுத்துக்கொள்கிறது. இந்தக் கருத்தை விளக்கும் அவருடைய நூல் 1949-ம் ஆண்டில் சென்னை அடையாற்றில்தான் முதலில் அச்சானது.

நம் முன்னோரும் இதை உணர்ந்தவர்கள். பிள்ளைத்தமிழில் குழந்தையின் வயதை வருடத்தால் அளக்கவில்லை. தவழ்ந்து தலை ஆட்டும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, நடந்து வரும் வாரானை, மணல் வீட்டைச் சிதைக்கும் சிற்றில், பறை கொட்டும் பருவம், தேர் உருட்டும் பருவம் என்று குழந்தையின் செயலால் அளந்தார்கள்.

அம்மையார் 1949-ம் ஆண்டில் ஐரோப்பா திரும்பினார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, ஹாலந்தில் கடலோர ஊரான நோர்ட்விக்கில் காலமானார். அப்போது அவருக்கு 81 வயது.

பெங்களூரில் நம் பிள்ளைகள்

சான் லொரன்சோவில் இருந்த நிலைமை பெங்களூருக்குப் புதிது அல்ல. கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸ் வேலைக்கும் போகும் தாய்மார்கள் பிள்ளையை எங்கே விடுவது? ஜல்லிக் குவியலின் பக்கத்தில் தூளி கட்டுகிறார்கள். இல்லை என்றால் ஒற்றை அறையில் பெரிய பிள்ளையைக் காவல் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

டெல்லியில் 1969-ம் ஆண்டில் மீரா மகாதேவன் என்ற பெண்மணி, கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலிகளின் குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. அதன் மூலம் அங்கன்வாடிகள் வந்தன. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடத்தில், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2024-ம் ஆண்டில் பெங்களூரின் சில அங்கன்வாடிகளில் அரசு மாண்டிசோரி என்ற பெயரிலேயே வகுப்பு தொடங்கும் திட்டத்தைக் கர்நாடக அரசு அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த பெயர், அவர்களிடமே திரும்பி வரத் தொடங்கியிருக்கிறது.

அங்கன்வாடிக்கு அனுப்பினால் கஞ்சியும் முட்டையும் கிடைத்தால் போதும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. தாய்மார்கள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கை கட்டி வரிசையாக உட்கார்ந்து எதையோ ஒப்பிக்கிறார்களா? அல்லது அவர்கள் கையில் ஏதாவது இருக்கிறதா? சாமான் பிள்ளைக்கு எட்டுகிறதா, அல்லது உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியையும் இதே கேள்வியால் சோதிக்கலாம். 3 வயதில் கோடு போட்ட நோட்டும் வீட்டுப் பாடமும் கொடுத்தால், பலகையில் என்ன பெயர் இருந்தாலும் அது மாண்டிசோரி முறை ஆகாது.

வீட்டில் செய்யப் பெரிய செலவு இல்லை. ஒரு டம்ளரில் இருந்து மற்றொன்றில் தண்ணீர் ஊற்ற விடலாம். துவைத்த துணியை மடிக்க விடலாம். உருளைக்கிழங்கு, வெங்காயத்தைப் பிரித்து வைக்கச் சொல்லலாம். பிள்ளை சிந்தும், மெதுவாகச் செய்யும், பத்து முறை செய்யும். பொறுத்துக்கொள்ள வேண்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் போடும். அதனால் புளியங்கொட்டை, மணி போன்ற சிறு பொருள்களை மட்டும் அதன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசவும் தயங்க வேண்டாம். தெருவில் விளையாடும்போதே பிள்ளை கன்னடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஷிப்டு முடிந்து களைத்து வரும் தகப்பன், பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது செய்வதைக் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சான் லொரன்சோவில் அந்த அம்மையார் செய்ததும் அதுதான்.